நடு சீட்டில் உட்கார்ந்து பார்த்த நாடகம்

என் கணவருக்குக் குடிப்பழக்கம் கிடையாது. சீட்டுக்கட்டைத் தொட்டதில்லை. அரசியல் கூட்டத்துக்குக் கூட்டிப்போனால் பாதியில் எழுந்து வந்துவிடுவார். அவருக்கு இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் இசை நாடகம். மேடையில் ஒருவர் வசனம் பேசிக்கொண்டே இருந்து சட்டென்று பாட்டுக்குள் போய்விட வேண்டும், பக்கத்தில் ஆர்மோனியம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது கும்பகோணத்தில் நடந்தாலும் திருவையாற்றில் நடந்தாலும் கீழ்வேளூரிலிருந்து எங்கள் பழைய கார் கிளம்பிவிடும்.

சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, தரிசில் உளுந்தையும் தெளித்த பிறகு எங்களுக்கு நாடகக் காலம். நான் விடியலிலேயே புளிச்சோறு கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, தூக்கில் அடைத்துக்கொள்வேன். வழியெல்லாம் அவர் பாடகர்களைப் பற்றிப் பேசுவார். "அந்த ஆளு குரல் மேட்டுக்கு ஏறாது. பள்ளத்துலயே பாய்ஞ்சுக்கிட்டு கெடக்கும்" என்பார். "இவன் நல்ல பாட்டுக்காரன், ஆனா மடை தெறந்தா மூடத் தெரியாது" என்பார். மகள் பின் சீட்டில் புரண்டு புரண்டு சிரிப்பாள். பொய் சொல்லக் கூடாது, எனக்கும் அந்தப் பயணங்கள் பிடிக்கும். புயலில் தென்னை அத்தனையும் சாய்ந்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷர், மேடையில் எவனோ பாடுகிறான் என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. பையில் எப்போதும் ஒரு பொன்னாடை மடித்து வைத்திருப்பார். பாட்டு மனசைத் தொட்டுவிட்டால் நாடகம் முடியும்வரை காத்திருக்கமாட்டார். விறுவிறுவென்று பக்கவாட்டுப் படியில் ஏறி, பாடினவருக்கு அங்கேயே போர்த்திவிடுவார். எங்கள் பக்கத்து நாடகக்காரர்களுக்கு இது பழக்கம்தான். வசனத்தை நிறுத்திக்கொள்வார்கள். ஆர்மோனியக்காரர் ஒரு சின்ன சுரக்கோவையை வாசிப்பார். "கீழ்வேளூரிலிருந்து வந்திருக்கும் ரசிகர்" என்று மைக்கில் சொல்வார்கள். இவர் மாப்பிள்ளை மாதிரி கும்பிட்டுவிட்டு இறங்கி வருவார். எனக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்னும்.

எங்களுடன் எப்போதும் வருபவர் அவருடைய அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். திருவாரூரில் இருக்கிறார். போகும்போது அங்கே ஏற்றிக்கொண்டு, வரும்போது அங்கேயே இறக்கிவிடுவோம். தாயில்லாத தம்பியைப் பத்து வயதிலிருந்து சோறு ஊட்டி வளர்த்தவர். அந்த நன்றி நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் ஒன்று சொல்லிவிட்டால் என் கணவர் அதற்கு மேல் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி டிவியில் பாட்டுப் போட்டிக்குப் போனாள். அண்ணி எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னார்.

"பாட்டு கேக்குறது வேற, வீட்டுப் பொண்ண மேடையில ஏத்துறது வேற. நம்ம பொண்ணு இப்படி ஏதாவது ஆட்டம் போட்டான்னு வையி, மறுநாளே காலேஜ விட்டு நிறுத்திட்டு என் பையனுக்குக் கட்டி வச்சிடுவேன். என்ன தம்பி?"

அண்ணியின் பையன் துபாயில் இருக்கிறான். நல்ல பையன்தான். என் மகள் அவனை அண்ணன் என்று கூப்பிட்டு அடி வாங்கியவள். தம்பி பேப்பரை மடித்தார், மறுபடி விரித்தார். அவருடைய மௌனத்தை நான் அவருடைய சம்மதக் கையெழுத்தாகவே எடுத்துக்கொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மகள் தஞ்சாவூரில் கல்லூரி ஹாஸ்டலில் தங்கி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, நாங்க கொஞ்சம் பேரு சேந்து ஒரு இசை நாடகம் போடுறோம். நான்தான் கிழவன்" என்றாள்.

"என்னது, கிழவனா?"

"மதகு காவக்காரக் கிழவன்மா. அவருக்குத்தான் பாட்டு அதிகம். அப்பாகிட்ட சொல்லிடாத."

சொல்லவில்லை. எட்டு மாதம் சொல்லவில்லை. ஒத்திகை இருந்தால் ஸ்பெஷல் கிளாஸ் என்றேன், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வராவிட்டால் ரெக்கார்டு எழுதுகிறாள் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் எட்டு மாதம் தினமும் அந்தச் சோற்றைத்தான் வடித்தேன்.

பங்குனியில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் போனை என் பக்கம் நீட்டினார். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டீஸ். தஞ்சாவூரில், ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, மாணவர்கள் வழங்கும் இசை நாடகம். ஒரு மதகின் படம்.

"புதுக் கதை. நம்ம கடைமடைக் கதையாம். அக்காகிட்ட சொல்லிட்டேன். பொண்ணையும் ஹாஸ்டல்லேருந்து கூட்டிக்குவோம்."

எனக்கு ரசம் புரை ஏறியது. "அவளுக்குப் பரீட்சைங்க" என்றேன். "எனக்கும் தலை வலிக்குதுங்க" என்றேன்.

"நாடகம் ஞாயித்துக்கிழமை. இன்னிக்கு வியாழன். அதுக்குள்ள வலி போயிடும்" என்று சொல்லிவிட்டு மோர் கேட்டார்.

அன்று மகளிடம் சொன்னதும் அவள் கிட்டத்தட்ட அழுதுவிட்டாள்.

"அம்மா, எப்படியாவது வராம பாத்துக்கம்மா."

"உங்கப்பாவையா? மேட்டூர் அணையில கொண்டு போயி அடைச்சாலும் ஷட்டரத் தெறந்துக்கிட்டு வந்துடுவாருடி."

"அப்ப தாடிய இன்னும் பெருசா ஒட்டிக்கிறேன்."

"மூக்கையும் சேத்து மூடிக்க. அது அச்சு அசலு உங்கப்பா மூக்கு."

சிரித்தோம். சிரித்துவிட்டுப் போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். நான் போகாமல் இருந்துவிடலாம். ஆனால் அக்காவும் தம்பியும் மட்டும் உட்கார்ந்து, அங்கே ஏதாவது ஆகிவிட்டால்? போனாலும் ஆபத்து, போகாவிட்டாலும் ஆபத்து. போய் உட்கார்ந்துவிடுவதென்று முடிவு செய்தேன். உட்கார்ந்து என்ன கிழித்துவிடுவேன் என்று எனக்கே தெரியாது.

ஹாலில் எங்களுக்கு வழக்கமான ஏற்பாடு ஒன்று உண்டு. அண்ணிக்கு மூட்டு வலி, காலை நீட்ட வேண்டும், அதனால் அவர் நடைபாதை ஓரம். நான் நடுவில். எனக்கு இந்தப் பக்கம் அவர். நடுவில் உட்கார்ந்தவள் எழுந்து போக வேண்டுமென்றால் இரண்டு பேரில் ஒருவரிடம் காரணம் சொல்லியாக வேண்டும். முன்னால் கடலை கொறிக்கும் ஒரு குடும்பம், பின்னால் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். ஏசி வேலை செய்யவில்லை. திரை திறப்பதற்கு முன்பே என் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கதை இதுதான். மேல் ஊர்க்காரர்கள் தண்ணீரைத் தங்கள் பக்கமே கட்டிக்கொள்கிறார்கள். மதகைத் திறக்கக் கூடாது என்று காவல்காரக் கிழவனுக்கு உத்தரவு. கடைமடையில் கதிர் பிடிக்கிற பயிர் காய்கிறது. திறந்தால் கிழவனுக்கு வேலை போகும், திறக்காவிட்டால் பயிர் போகும்.

கிழவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கூன் முதுகோடு வந்தான். தலைப்பாகை, மார்பு வரை வெள்ளைத் தாடி. பெற்ற எனக்கே ஒரு நிமிஷம் யாரோ என்றுதான் இருந்தது. பிறகு அவன் பாட ஆரம்பித்தான்.

என் மகள் பாடுவாள் என்று எனக்குத் தெரியும். இப்படிப் பாடுவாள் என்று தெரியாது. குரலைத் தடித்து, தாழ இறக்கி, வயசானவர்கள் மூச்சு வாங்குகிற இடத்தில் சரியாக நிறுத்தி நிறுத்திப் பாடினாள். எனக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அதை முகத்தில் காட்ட முடியவில்லை. கைதட்டினால் காட்டிக்கொடுத்துவிடுவேனோ என்று பயம், தட்டாவிட்டால் ஏன் தட்டவில்லை என்று கேட்பார்களோ என்று பயம். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். பெற்ற பிள்ளை மேடையில் நின்று ஊரையே கட்டிப்போடுகிறாள், நான் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கொடுமையை எந்தத் தாய்க்கும் கொடுக்கக் கூடாது.

ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தேன். வழக்கமாக முதல் பாட்டுக்கே "ஒன்ஸ் மோர்" என்று கத்துவார். அன்று கத்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணிதான் என் காதோரம் சாய்ந்து, "கெழவன் நல்லா பாடுறான்ல" என்றார்.

கடைசியில் கிழவன் மதகைத் திறக்கிற காட்சி. "போ தண்ணியே, போ, கடைசி வயல் காத்திருக்கு" என்று அந்தப் பாட்டு. எங்கள் வயல் கடைசி வயல். கர்நாடகத்தில் பெய்து, மேட்டூரில் நின்று, கல்லணையில் பிரிந்து, எல்லாரும் பாய்ச்சிய பிறகு மிச்சம் எங்களுக்கு. ஹாலில் பாதிப் பேர் எங்களைப் போன்றவர்கள்தான். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எல்லாப் பக்கமும் கேட்டது.

அப்போது இவர் குனிந்து பையைத் திறந்தார்.

"ஐயோ, வேண்டாங்க" என்று கையைப் பிடித்தேன். "காலேஜ் புள்ளைங்க நாடகங்க. நடுவுல ஏறினா திட்டுவாங்க. முடியட்டும்."

என் கையை மெதுவாக எடுத்துவிட்டார். எழுந்தார். கடலைக் குடும்பத்தின் தலைக்கு மேலே பொன்னாடை ஆடிக்கொண்டு போனது. நான் எழப் போனேன், அண்ணி என் முழங்காலைத் தட்டி, "அவன் வழக்கந்தானே, உக்காரு. மறைக்குதுல்ல" என்றார். உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய? அவர் படியேறுகிற ஒவ்வொரு அடியையும் உட்கார்ந்தே பார்த்தேன்.

பிள்ளைகளுக்கு இந்த வழக்கம் தெரியாது. ஆர்மோனியம் பாதியில் நின்றது. கிழவன் அப்படியே நின்றான். இவர் நேரே போய், ஒரு முழ தூரத்தில் நின்று, பொன்னாடையை உதறிப் போர்த்தினார். அவள் சட்டென்று குனிந்து அவர் காலைத் தொட்டாள். நரைத்த தாடிக்காரக் கிழவன் நடுவயதுக்காரரின் காலில் விழுகிறான் என்று ஹாலே சிரித்துக் கைதட்டியது. இவர் அவள் தலைப்பாகையின் மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. நான் எண்ணத் தொடங்கி, எண்ணிக்கை தவறி, மறுபடி பார்த்தபோதும் கை அங்கேயே இருந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

யாரோ ஒரு பெண் மைக்கைக் கொண்டு வந்து அவர் முன்னால் நீட்டி, ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாள்.

"நல்லா இருந்துச்சு" என்றார். "நல்லா இருங்க." இறங்கி வந்துவிட்டார்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு மேடையில் நடந்தது எதுவும் எனக்கு நினைவில்லை.

வெளியே வந்ததும் அண்ணி அடுத்த குண்டைப் போட்டார். "ஹாஸ்டலு பக்கந்தானே தம்பி, பொண்ணப் பாத்துட்டுப் போவோமே."

நான் காரைப் பார்த்து வேகமாக நடந்தேன்.

"பரீட்சைக்குப் படிக்கிற புள்ளையக் கலைக்க வேணாங்க்கா" என்றார் அவர், கார்க் கதவைத் திறந்துகொண்டே.

காப்பாற்றினாரா, இல்லை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாரா? அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. காரில் அண்ணி முன்னால், நான் பின்னால். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்தக் கேட்டைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், மூடினால் சாமானியத்தில் திறக்காது. முன்னால் பஸ், பின்னால் வைக்கோல் லாரி, இரண்டு பக்கமும் பைக்குகள். நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் வண்டி முன்னால் போவதும் பின்னால் வருவதுமாக இருந்தது.

"ஏந்தம்பி, அந்தக் கெழவன் வேஷம் ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா? கிட்டத்துல பாத்தியே."

"வேஷத்துல என்னக்கா ஆம்பள, பொம்பள."

"பொம்பளையா இருந்தா, அந்த வீட்டுல கேக்க அப்பன் ஆத்தா இல்லையாங்கறேன். இத்தன ஆம்பளைங்க முன்னாடி தாடிய ஒட்டிக்கிட்டு."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. பயமெல்லாம் போய்க் கோபம் வந்துவிட்டது. அழத் தெரிகிறது, போர்த்தத் தெரிகிறது, தலையில் கை வைக்கத் தெரிகிறது, வாயைத் திறக்க மட்டும் தெரியவில்லையா இந்த மனுஷருக்கு? கதவைத் திறந்துகொண்டு இறங்கி நடந்துவிடலாமா என்று இருந்தது. கதவைத் திறக்க இடமில்லை, பைக் நின்றது.

திருவாரூரில் அண்ணியை வாசலில் இறக்கிவிட்டோம். மிச்சமிருந்த புளிச்சோற்றை அவரிடமே கொடுத்தேன். கார் ஊரைத் தாண்டி இரண்டு பக்கமும் வயல் வந்ததும் நான் வெடித்தேன்.

"படிப்ப நிறுத்தப் போறீங்களா? எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க."

"எதுக்கு நிறுத்தணும்?" என்றார்.

"உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டா கேக்குறேன்?"

"தெரியும். மொதப் பாட்டுலயே தெரிஞ்சுடுச்சு. அது உன் தொண்டையாச்சே."

பாருங்கள், இவ்வளவு எழுதியிருக்கிறேன், நான் பாடுவேன் என்பதை எங்கேயும் சொல்லவில்லை. மறைக்கவில்லை, எனக்கே மறந்துவிட்டது. கல்யாணமாகி வந்த முதல் வருஷம் கொல்லையில் பாத்திரம் விளக்கும்போது பாடிக்கொண்டிருப்பேன். என் அம்மா வீட்டில் அப்படித்தான். அப்போது அண்ணியின் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்ததால் அண்ணி எங்களோடு இருந்தார். ஒரு நாள், "என்ன இது, கச்சேரியா, குடித்தனமா?" என்றார். நிறுத்திவிட்டேன். யாரும் தடுத்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு வாக்கியம்தான்.

"நீங்க எங்க கேட்டீங்க?" என்றேன்.

"கொல்லக் கதவுக்கு இந்தப் பக்கம் உக்காந்து தெனமும் கேப்பேன். நீ வர்றதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போயிடுவேன். அக்கா சொன்னதும் எனக்குக் கேட்டுச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி வழி விட்டார். பிறகு, "இன்னிக்கும் சொல்லல, பாத்தியா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

வேறொரு நாளாக இருந்தால் நான் இரங்கியிருப்பேன். அன்று இரங்கவில்லை.

"வண்டியத் திருப்புங்க" என்றேன்.

"எங்க?"

"அண்ணி வீட்டுக்கு. இப்பவே."

"நாளைக்கு..."

"திருப்புங்கங்கறேன்."

திருப்பினார். அண்ணி அப்போதுதான் சேலை மாற்றிக்கொண்டு, புளிச்சோற்றைத் தட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். எதையோ மறந்துவிட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்து எழுந்து வந்தார். இவர் நிலைப்படியைக்கூடத் தாண்டவில்லை. காலில் செருப்பு அப்படியே இருந்தது.

"அக்கா, அந்தக் கெழவனா பாடுனது நம்ம பொண்ணு. பாடுறா, நல்லா பாடுறா. இனிமேயும் பாடுவா. படிப்பையும் நிறுத்தமாட்டேன்."

அண்ணி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். எச்சில் கையோடு அப்படியே நின்றார். அடி விழும், சாபம் விழும், வீடு இரண்டாகும் என்றெல்லாம் எட்டு மாதம் நடுங்கினேனே, ஒன்றும் நடக்கவில்லை. "இத நின்னுக்கிட்டே சொல்லணுமா, உள்ள வா" என்றார் கடைசியில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

அவர் செருப்பைக் கழற்றினார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த அரை நிமிஷம்தான் எனக்கு இருபத்திரண்டு வருஷமாகக் கிடைக்காமல் இருந்தது. உள்ளே இருந்து அவர் கூப்பிட்டார், நான் போகவில்லை. மகள் தப்பித்துவிட்டாள், அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த வாசலில் நின்று நான் அழுதது அவளுக்காக இல்லை.